தாடை அகட்டல்: அகற்றல் அன்று

ஒடுங்கிய கீழ்த்தாடையின் நட்டநடுவே எலும்பை நெடுக்காக வெட்டி, வெட்டின் இருபுறத்தையும் பிடிக்குமாறு ஒரு திருகுக் கருவியைப் பொருத்தி, சுமார் 5 முதல் 7 நாள் ஆறவிட்டு, பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் திருகி விலக்கிவர, அந்த இடைவெளியில் புது எலும்பு விளைகிறது. இம்முறையின் மருத்துவப் பெயர் ‘மேன்டிபுலர் சிம்பிசியல் டிஸ்ட்ராக்‌ஷன் ஆஸ்டியோஜெனிசிஸ்’.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. முதற்சொல்லான ‘மேன்டிபுலர்’ மெல்லுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழுக்குக் கீழ்த்தாடை போதும். ‘சிம்பிசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சேர்ந்து வளர்தல் என்று பொருள். பிறக்கும்போது இரு பாதிகளாக இருக்கும் கீழ்த்தாடை முதலாண்டுக்குள் ஒரே எலும்பாகிவிடுகிறது. மேல்தாடையிலோ அண்ணத்தின் நடுப்பொருத்து வளரும் பருவத்தில் இறுகாமல் இருப்பதால், பிள்ளைகளுக்குக் கத்தி படாமலே கருவியால் விரிக்க முடிகிறது. ஆகவே, கீழ்த்தாடைக்குப் ‘பொருத்து’ என்பதைவிட ‘நடுவிணைவு’ என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

சிக்கல் ‘டிஸ்ட்ராக்‌ஷன்’ என்பதில்தான். இழுத்துப் பிரித்தல் என்னும் லத்தீன் வினையே இதன் வேர். மனத்தை இழுத்தால் கவனச்சிதறல், எலும்பை இழுத்தால் இந்த மருத்துவம். கால் எலும்புகளுக்காகச் சோவியத் எலும்பு மருத்துவர் இலிசாரோவ் சைபீரியாவின் குர்கானில் 1950களில் வளர்த்தெடுத்த முறையே பின்னர் தாடைக்கும் வந்தது. அகராதியின் முதற்பொருளை அப்படியே எடுத்து எழுதினால் தாடைக்குக் கவனம் சிதறும்.

அகலமாக்கும் வேலைதானே என்று ‘அகற்றல்’ என்றும் எழுதிவிடக் கூடாது. பழந்தமிழில் அச்சொல்லுக்கு விரித்தல் என்ற பொருளும் உண்டென்றாலும், இன்று ‘தாடை அகற்றல்’ என்று படிப்பவர் தாடையையே எடுத்துவிடப் போகிறார்கள் என்றுதான் அஞ்சுவார். ‘விரிவாக்கம்’ தவறன்று, ஆனால் எப்படி விரிகிறது என்பதை அது சொல்வதில்லை. ‘காலை அகட்டி நின்றான்’ என்னும்போது இரண்டு பக்கமும் விலகுவதும் நடுவில் இடைவெளி உண்டாவதும் கண்முன் வருகின்றன. திருகுக் கருவி செய்வதும் அதுவே. எனவே ‘கீழ்த்தாடை நடுவிணைவு அகட்டல்’ என்பதே என் தேர்வு. ‘ஆஸ்டியோஜெனிசிஸ்’ குறிக்கும் எலும்பு விளைவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய பாடநூலில் ‘அகட்டல்வழி என்பாக்கம்’ என்று எழுதலாம். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலோ ‘கீழ்த்தாடையை நடுவில் வெட்டிச் சிறிது சிறிதாக அகட்டுதல்’ என்று விரித்தே எழுத வேண்டும்.