நாக்ஸ் சென்சார் ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்களா? லாரி ஓனருங்க இதைப் படிங்க

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பிஎஸ்6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த லாரி வெச்சிருக்கறவங்க யாரைக் கேட்டாலும், புகையில இருக்கற நைட்ரஜன் ஆக்சைடை (நாக்ஸ்) அளக்கற நாக்ஸ் சென்சார்ங்கற பேரு தெரியாம இருக்காது. லாரி எலெக்ட்ரிக்கலும் ஸ்கேனர் வேலையும் பாக்கறவன் நான், எனக்கு வர்ற போன்ல திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான். "அண்ணா, சென்சார் போயிடுச்சுங்கறாங்க, மாத்தணும்னா ஸ்டாக் இல்லையாம், எப்ப வரும்னு கேட்டா மேலிருந்து வரணும்ங்கறாங்க, வண்டி லோடோட நாக்பூர் தாண்டி நிக்குது, என்னண்ணா பண்றது?" இப்படிக் கேக்கறவங்கள்ல நிறைய பேரு ஒத்தை வண்டி ஓனருங்க. டியூ தேதி நிக்காது, டிரைவர் படி நிக்காது, வண்டி மட்டும் நிக்குது. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல இந்த சென்சார் என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கங்க, அது தெரியாததாலதான் பாதி காசு வீணாப் போகுது. 2020 ஏப்ரல் 1ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்6 வந்துச்சு. புகையில இருக்கற நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க சைலன்சருக்குள்ள டெஃப் தெளிக்கறாங்க, நம்ம டிரைவருங்க யூரியான்னு சொல்றது அதைத்தான். அந்த யூரியா சூட்டுல அம்மோனியாவா மாறி நைட்ரஜன் ஆக்சைடை சாதாரண நைட்ரஜனாவும் தண்ணியாவும் மாத்திடும். இதுக்கு முன்னாடி ஒரு நாக்ஸ் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி எவ்வளவு வந்துச்சு, பின்னாடி எவ்வளவு போச்சுன்னு ரெண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பாக்கும். சரியாக் குறையலன்னா, இல்ல சென்சாரே பேசலன்னா, முதல்ல லைட் எரியும், அப்புறம் பவர் குறைக்கும், அதையும் கண்டுக்காம ஓட்டினா கடைசியில 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாது. கம்பெனிக்காரன் வேணும்னே வெச்ச பூட்டுன்னு நிறைய பேரு திட்டறாங்க. அப்படி இல்லைங்க, பிஎஸ்6 விதியிலயே இது இருக்கு.

சென்சார் முனைக்குள்ள இருக்கறது சிர்கோனியா செராமிக். வேலை செய்யறப்ப அது 800 டிகிரி பக்கம் சூடாகி இருக்கும். அந்த சூட்டுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், விரிசல் விட்டுடும். வண்டி வந்து நின்ன உடனே சைலன்சர் பக்கம் பிரஷர் வாட்டர் அடிக்கறாங்க பாருங்க, அதை இன்னைக்கே நிறுத்திடுங்க. பாடி வெல்டிங் பண்றப்ப பேட்டரி கழட்டாம சேஸிஸ்ல எர்த் புடிக்கறதும் அப்படித்தான், சென்சாரோட வர்ற அந்த சின்ன கட்டுப்பாட்டுப் பெட்டி அதுல போயிடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஸ்கேனர்ல நாக்ஸ் சென்சார்னு எரர் வந்தா சென்சார்தான் போச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. ஸ்கேனர்ல எஸ்பிஎன்னு வர்ற எரர் நம்பர் 3216ன்னா முன் சென்சார், 3226ன்னா பின் சென்சார், 4364ன்னா மொத்தத்துல நைட்ரஜன் ஆக்சைடு சரியாக் குறையலங்கறது. இந்த 4364 வந்தா பல இடத்துல நேரா பின் சென்சாரை மாத்தறாங்க. ஆனா அந்த சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். யூரியா தெளிக்கற நாசில் அடைச்சிருக்கலாம், சைலன்சர் பைப் கிளாம்ப் லூசாகி வெளிக்காத்து உள்ள போயிருக்கலாம், யூரியாவே மட்டமா இருக்கலாம். இன்னொண்ணு நிறைய மெக்கானிக்குங்களுக்கே தெரியல, நாக்ஸ் சென்சார் அம்மோனியாவையும் நாக்ஸ்னுதான் படிக்கும். நாசில் ஒழுகி யூரியா அதிகமாப் போனாலும் "நாக்ஸ் அதிகம்"னு காட்டும், அப்ப புது சென்சார் போட்டாலும் அதே எரர்தான் திரும்ப வரும்.

ஒரு வண்டியைச் சொல்றேன். இந்தூர்ல இருந்து கோழித் தீவனத்துக்கு சோயா ஏத்திட்டு வர்ற பன்னெண்டு சக்கர வண்டி. வழியில ஒரு ஊர்ல பின் சென்சார் மாத்தியிருக்காங்க, ரெண்டு நாள்ல மறுபடி லைட். அடுத்து முன் சென்சாரும் மாத்தணும், ஆனா அது ஸ்டாக் இல்ல, வர மூணு வாரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. ஓனர் தட்டுத்தடுமாறி வண்டியை நம்ம பட்டறைக்குக் கொண்டு வந்தாரு. சென்சார் வயரை அந்தக் கடைசியில இருந்து இந்தக் கடைசி வரைக்கும் கையால தடவிக்கிட்டே போனேன். சேஸிஸ் பிராக்கெட் வளைவுக்குள்ள, மேல இருந்து பாத்தாத் தெரியாது, வயரோட மேல் உறை தேஞ்சு உள்ள இருக்கற ஒரு வயர் பச்சை பூத்துப் போய் இருந்துச்சு. குழியில வண்டி குலுங்கறப்ப எல்லாம் அது பிராக்கெட்ல உரசி கனெக்‌ஷன் போய்ப் போய் வந்திருக்கு. வெட்டி, சால்டர் வெச்சு, ஸ்லீவ் போட்டு, கிளிப் மாத்திக் கட்டினோம், எரரைக் கிளியர் பண்ணினோம், லைட் திரும்ப வரல. முதல்ல மாத்தின சென்சாரோட காசு அந்த ஓனருக்குப் போனது போனதுதான், அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது, ஏன்னா இந்த சென்சார் விலை நூத்துக்கணக்குலயோ ஆயிரக்கணக்குலயோ இல்ல, பத்தாயிரக் கணக்குல இருக்கு.

அதனால மாத்தணும்னு யாரு சொன்னாலும் மூணு விஷயம் காட்டச் சொல்லுங்க. ஸ்கேனர்ல அந்த எரரோட முழு நம்பர், வயர்ல கரண்டும் எர்த்தும் சரியா வருதாங்கற மீட்டர் ரீடிங், ரெண்டு சென்சாரோட லைவ் ரீடிங். மூணையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. காட்ட மாட்டேங்கறவங்ககிட்ட சென்சார் மாத்தாதீங்க.

யூரியா விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். டெஃப்னா 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கின சுத்தத் தண்ணி, அவ்வளவுதான். உர மூட்டை யூரியாவைக் குழாய்த் தண்ணியில கரைச்சு ஊத்தறாங்க சில பேரு, உரக்கடை யூரியாவுல 2015ல இருந்து வேப்பெண்ணெய் பூச்சு இருக்கு, போர் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு, ரெண்டும் சேந்து நாசில்ல பாறை மாதிரி படிஞ்சுடும், சைலன்சருக்குள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வெச்சிருக்கற கேட்டலிஸ்டும் போயிடும். அது போனா சென்சார் விலையெல்லாம் சில்லறைன்னு ஆயிடும்.

சரி, எல்லாம் செக் பண்ணியாச்சு, சென்சார் நெஜமாவே செத்துருச்சு, ஸ்பேர் இல்ல. அப்ப?

லாரிக் கம்பெனி எதுவும் இந்த சென்சாரைத் தானா செய்யறதில்ல. உலகத்துலயே விரல் விட்டு எண்ணற கம்பெனிங்கதான் செய்யறாங்க, உள்ள சிப் இருக்கு. 2021ல சிப் தட்டுப்பாடு வந்தப்ப நம்ம ஊர் லாரி ஏன் நின்னுச்சுன்னா அதனாலதான். அதனால டீலர் கவுன்டர்ல இருக்கற பையன்கிட்ட சண்டை போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல. ஆனா அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: இந்த பார்ட் நம்பருக்கு பதிலா புது நம்பர் வந்திருக்கான்னு பாருங்க. கம்பெனி பழைய நம்பரை நிறுத்திட்டு புது நம்பர் விட்டிருக்கும், கவுன்டர்ல பழைய நம்பரையே அடிச்சுப் பாத்து "ஸ்டாக் இல்ல"ன்னு சொல்லிடுவாங்க. புது நம்பர்ல பக்கத்து ஜில்லா குடோன்லயே சரக்கு இருக்கறதை நான் பாத்திருக்கேன். வேற வண்டி சென்சார் பாக்க அச்சு அசலா ஒரே மாதிரி இருக்குன்னு வாங்கிப் போடாதீங்க, 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் வேற, பெட்டிக்குள்ள இருக்கற ப்ரோகிராமும் வேற, இன்ஜின் கம்ப்யூட்டரோட அது பேசவே பேசாது. முனையை மட்டும் வெட்டி ஒட்டித் தர்றோம்னு வர்றவங்களையும் நம்பாதீங்க. முனையும் பெட்டியும் ஜோடியா அளவு பாத்து செட் பண்ணினது, பிரிச்சா ரீடிங் தப்பாத்தான் வரும்.

அடுத்தது பேப்பர். இதை நம்ம ஆளுங்க யாரும் செய்யறதில்ல, வாய்ல பேசி வாய்லயே முடிச்சுடறோம். வண்டி சர்வீஸ் சென்டருக்குள்ள போன அன்னைக்கே ஜாப் கார்டு போடச் சொல்லுங்க, அதுல தேதி, கிலோமீட்டர், எரர் நம்பர் இருக்கணும். "பார்ட் ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டிருக்கோம்"ங்கறதை எழுத்துல வாங்குங்க, குறைஞ்சது மெயில்லயாவது, வாட்ஸ்அப்லயாவது. கம்பெனி கஸ்டமர் கேருக்கு நீங்களே கூப்பிட்டு கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கிடுங்க. வண்டி எத்தனை நாள் நின்னுச்சுன்னு ஜிபிஎஸ் ரிப்போர்ட், போன லோடுக்கு வந்த வாடகை ரசீது, டியூ கட்டின விவரம் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. லோடோட நின்னா சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லை மறந்துடாதீங்க, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, காலாவதி ஆகறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ நீட்டிக்கலாம், சரக்கை வேற வண்டிக்கு மாத்தினா அந்த பில்லோட பார்ட் பி-யில வண்டி நம்பரை மாத்தணும். வண்டி நிக்கற நஷ்டத்தோட இதுல அபராதமும் சேந்தா தாங்காது.

இந்தப் பேப்பருக்கு என்ன மதிப்புன்னு கேப்பீங்க. லாரி வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு நிறைய பேரு நினைச்சுட்டு இருக்காங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, சுயதொழில் செஞ்சு பிழைப்பு நடத்த மட்டும் வாங்கின பொருள்னா அது வணிக நோக்கத்துல வராதுன்னு தெளிவா இருக்கு. 1995ல சுப்ரீம் கோர்ட் லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்குல, தானே ஓட்ட லாரி வாங்கறவரும் நுகர்வோர்தான், துணைக்கு ஒண்ணு ரெண்டு ஆளு வெச்சுக்கிட்டாலும் அந்த உரிமை போகாதுன்னு சொல்லியிருக்கு. ஒத்தை வண்டி வெச்சு தானே ஓட்டறவருக்கு இது பெரிய பிடி. பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிவு பண்ணுங்க, வக்கீல் நோட்டீஸ் அளவுக்குப் போகாமலே சில வேலை நடக்கும். பத்து வண்டி, இருபது வண்டி வெச்சு ஆளு போட்டு ஓட்டறவங்களுக்கு இந்த வழி கஷ்டம், அவங்க ஒரு நல்ல வக்கீலைப் பாத்து வாரண்டி ஒப்பந்தத்தை வெச்சுப் பேசறதுதான் சரி.

ஒரே மாடல்ல பல பேருக்கு ஒரே சென்சார் போகுதுன்னா தனித்தனியா புலம்பாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவுல குறையுள்ள வண்டியைக் கம்பெனி திரும்ப அழைச்சு (ரீகால்) சரி பண்ணித் தரணும்னு அரசு உத்தரவு போட இடம் இருக்கு, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் வர்ற குறையும் அதுல சேரும். 2021 ஏப்ரல் 1ல இருந்து அதுக்கான விதி அமல்ல இருக்கு, ஏழு வருஷத்துக்குள்ள இருக்கற வண்டிக்கு. எத்தனை புகார் வந்துச்சுங்கற கணக்குதான் அதுல முக்கியம், அதனால ஓனருங்க ஒவ்வொருத்தரும் அரசு ரீகால் போர்ட்டல்ல புகார் போடணும். சங்கம் மூலமா மாடல், வருஷம், எரர் நம்பர் வாரியாத் தொகுத்துட்டா ஒரே மூச்சுல எல்லாரும் போட்டுடலாம்.

இனி பாக்ஸ் போடற கதை. ஹைவே ஓரத்துல ஒரு சின்னப் பெட்டியை மாட்டி "யூரியாவே வேண்டாம், சென்சாரே வேண்டாம்"னு தர்றாங்க, இல்லன்னா லேப்டாப் வெச்சு ப்ரோகிராமையே அழிச்சுடறாங்க. வண்டி நிக்கறப்ப அந்த விலை சின்னதாத் தெரியும், அந்த அவசரம் எனக்கும் புரியுது. ஆனா தயவுசெஞ்சு போடாதீங்க. யூரியா போகாம ஓட்டினா பம்ப்லயும் நாசில்லயும் இருக்கறது காஞ்சு உப்பாயிடும், அப்புறம் ஒரிஜினல் சென்சார் வந்தாலும் மொத்த செட்டும் மாத்தணும். வாரண்டி போச்சு. மோட்டார் வாகனச் சட்டத்துல 182ஏ பிரிவுப்படி அனுமதி இல்லாம வண்டியை மாத்தினா ஓனருக்கு ஒவ்வொரு மாத்தலுக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டுமே. நீங்க பிடிபட்ட அன்னைக்கு பெட்டியைப் போட்டுக் கொடுத்தவன் போனை எடுக்க மாட்டான். அதோட அந்தப் புகையை முதல்ல மூச்சுல இழுக்கறது நம்ம டிரைவரும், டோல்கேட்ல நிக்கற பொண்ணுங்களும், ரோட்டோர டீக்கடைக்காரரும்தான்.

இதுக்கு நேர்மையான வழி இருக்குங்க. அமெரிக்காவுல 2021 கடைசியில இதே மாதிரி டெஃப் டேங்க் சென்சார் கிடைக்காம லாரிங்க நின்னப்ப, அங்க சுற்றுச்சூழல் துறை சம்மதத்தோட, பார்ட் வர்ற வரைக்கும் வேகம் குறைக்கறதைத் தற்காலிகமா நிறுத்த கம்பெனிங்களே சாஃப்ட்வேர் கொடுத்தாங்க. 2025 ஆகஸ்ட்ல, 2027 மாடல்ல இருந்து டெஃப் தீந்தாலும் திடீர்னு பவர் போகக் கூடாதுன்னும் அங்க சொல்லிட்டாங்க. அந்த 2021 சாஃப்ட்வேர்ல யூரியா தெளிக்கறது தெளிச்சுக்கிட்டேதான் இருக்கும், வண்டியும் வீடு வந்து சேரும். இங்கயும் ஆர்டர் போட்ட ஜாப் கார்டைக் காட்டினா, பார்ட் வர்ற வரைக்கும் டீலரே ஸ்கேனர் மூலமா ஒரு குறிப்பிட்ட நாளுக்குத் தளர்வு கொடுக்கற மாதிரி விதி வரணும். வாடகை, டீசல் விலைன்னு கேக்கற லாரி சங்கங்க இதையும் சேத்துக் கேக்கணும். பார்ட் இல்லாதது ஓனர் தப்பு இல்ல, அதுக்கு வண்டியை 20ல ஓட்ட வெச்சு நெடுஞ்சாலையில பின்னாடி வர்றவன் மோதற நிலைமைக்குக் கொண்டு போறது எந்த நியாயத்துலயும் சேராது.

கடைசியா, சென்சார் வந்து மாத்தினதும் பில்லுல பார்ட் நம்பரும், சென்சார் மேல இருக்கற சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்க. ஸ்கேனர்ல பழைய எரரைக் கிளியர் பண்ணி, புது சென்சாருக்கு ரீசெட் கொடுத்து, வண்டி நல்லா சூடாகற வரைக்கும் ரோட்ல ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாத்த பிறகு வண்டியை எடுங்க. உங்க காசுல மாத்தியிருந்தா பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க. வாரண்டியில மாத்தினா அவங்க எடுத்துக்குவாங்க, அப்ப கொடுக்கறதுக்கு முன்னாடி நம்பர் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அதே ஃபைல்ல போட்டு வைங்க.