எல்இடி மினுக்கும் முன்: எஃப்பிஜிஏ வேலைக்குக் கணினியைத் தயார்செய்தல்

எஃப்பிஜிஏ என்பது உள்ளே உள்ள சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு. ஐஸ்ஸ்டிக் என்பது அப்படியொரு சில்லு கொண்ட, யூஎஸ்பி துளையில் நேரே செருகும் சிறு பலகை. அதிலுள்ள லாட்டிஸ் ஐசிஇ40 எச்எக்ஸ்1கே சில்லுக்குள் 1280 தருக்கச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் நான்கு உள்ளீடு கொண்ட 16 பிட் அட்டவணை ஒன்று, ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப் ஒன்று. சுற்றை விவரிக்க நாம் எழுதும் வெரிலாக் மொழி, நிரல்போல வரிவரியாக இதில் ஓடுவதில்லை. எந்த அட்டவணையில் என்ன பிட், எந்தச் செல் எதோடு சேரும் என்பதெல்லாம் முன்பே முடிவாகி, 32,220 பைட் கோப்பாகச் சில்லுக்குள் இறங்குகிறது.

அந்தக் கோப்பின் அமைப்பைக் கிளேர் வுல்ஃபும் மத்தியாஸ் லாசரும் ஆராய்ந்து, ஐஸ்ஸ்டார்ம் என்ற திறந்தமூலத் திட்டமாக 2015இல் வெளிக்கொணர்ந்தார்கள். உரிமக் கோப்பு ஏதுமின்றி இன்று வேலை செய்ய முடிவது அதனால்தான்.

லினக்ஸில், தேவையான கருவிகள் எல்லாம் அடங்கிய ஓஎஸ்எஸ் கேட் சூட் தொகுப்பை இறக்கிப் பிரித்து, அதிலுள்ள என்விரான்மென்ட் கோப்பை டெர்மினலில் சோர்ஸ் செய்தால் போதும். கருவிகளைத் தனித்தனியாக நிறுவ வேண்டாம். ஒரு கருவியின் பழைய பதிப்பும் இன்னொன்றின் புதிய பதிப்பும் கலந்துவிட்டால் பிழை எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

வேலை நான்கு கைமாறும். யோசிஸ் என்ற கருவி வெரிலாக்கைச் சுற்று விவரம் அடங்கிய ஜேசான் கோப்பாக்கும். நெக்ஸ்ட்-பிஎன்ஆர் அதைச் சில்லில் இடம்பிடித்து இணைக்கும். ஐஸ்பேக் பிட் கோப்பாகச் சுருட்டும். ஐஸ்ப்ராக் பலகையின் ஃபிளாஷில் எழுதும். எந்தக் கோப்பு வரை உருவானது என்று பாருங்கள். கோளாறு அதற்கு அடுத்த கருவியில்தான்.

நெக்ஸ்ட்-பிஎன்ஆருக்குச் சில்லின் வகையோடு டிக்யூ144 என்ற பேக்கேஜ் (சில்லின் வெளிக்கூடு) பெயரையும் தர வேண்டும். எந்தச் சிக்னல் சில்லின் எந்தக் காலில் (பின்) என்று சொல்லும் பிசிஎஃப் கோப்பில், கடிகாரத்துக்கு 21ஆம் பின், பச்சை எல்இடிக்கு 95ஆம் பின். வெரிலாக்கில் உள்ள ஒரு போர்ட்டுக்கு (உள்ளீடு அல்லது வெளியீடு) பின் எண் எழுத மறந்தால் கருவி நின்றுவிடும். அந்தச் சோதனையை அணைக்கும் விருப்பம் உண்டு, தொடாதீர்கள். அணைத்தால் பின்னைக் கருவியே தன்னிஷ்டத்துக்குத் தேர்ந்துகொள்ளும்.

கடிகாரம் 12 மெகாஹெர்ட்ஸ். அதை அப்படியே எல்இடிக்குக் கொடுத்தால் மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது, மங்கலாக எரிவதுபோலிருக்கும். 24 பிட் எண்ணியின் கடைசி பிட்டைக் கொடுங்கள்: சுமார் 0.7 வினாடி எரியும், 0.7 வினாடி அணையும்.

பலரும் முட்டி நிற்பது ஐஸ்ப்ராக்கில். பலகையைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோவை முன்னால் போட்டால், கட்டளையே இல்லை என்று வரும். சோர்ஸ் செய்த பாதையைச் சூடோ கண்டுகொள்வதில்லை. செருகும் சாதனங்களுக்கு அனுமதி வகுக்கும் யூடெவ் விதி ஒன்றில் விற்பனையாளர் எண் 0403, பொருள் எண் 6010 என்று குறித்து அனுமதி கொடுங்கள். விதிகளை மறுபடி ஏற்றி, பலகையைக் கழற்றிச் செருகுங்கள். விண்டோஸில் இதே இடத்தில் ஸேடிக் என்ற டிரைவர் மாற்றும் கருவி கொண்டு இன்டர்ஃபேஸ் 0க்கு மட்டும் டிரைவரை வின்யூஎஸ்பியாக மாற்ற வேண்டும்.

எல்லாம் பிழையின்றி முடிந்தும் எல்இடி அசையாவிட்டால், வெரிலாக்கில் எழுத்துப்பிழை தேடுங்கள். 'கவுன்ட்' என்ற 24 பிட் பெயரை ஓரிடத்தில் 'கவ்ன்ட்' என்று தட்டிவிட்டால், வெரிலாக் அதை ஒரு பிட் கம்பியாகத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதை யாரும் இயக்குவதில்லை, எல்இடியும் அசையாது. கோப்பின் முதல் வரியில் டிஃபால்ட்-நெட்டைப் நன் என்ற கட்டளையைப் போட்டுவிட்டால் இதே தவறு வரி எண்ணோடு யோசிஸிலேயே பிடிபடும்.