சாய்ந்த கவசமும் சதுரக் கட்டையும்

ஜெர்மனியின் டைகர் டாங்கியைப் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டுவது பெரிய வித்தை இல்லை. 57 டன் எடையுள்ள அந்த நிஜ வண்டியே ஒரு பெட்டிதான். அதற்கு எதிரே நின்ற சோவியத் டி-34தான் கட்டுகிறவரின் பொறுமையைச் சோதிக்கும். அதன் முன்கவசம் செங்குத்திலிருந்து 60 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கட்டைக்குத் தெரிந்ததோ 90 டிகிரி மட்டும்.

முதலில் கட்டையின் கணக்கைப் பார்த்துவிடுவோம். கட்டையின் தலையில் புடைத்து நிற்கும் ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையத்துக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6, மெல்லிய தட்டு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2. குமிழின் விட்டம் 4.8. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958இல் காப்புரிமை கேட்ட வடிவத்தில் கட்டையின் வயிற்றுக்குள் குழாய்கள் உண்டு. சதுரமாக நிற்கும் நான்கு குமிழ்களின் மூலைவிட்டம் 11.31 மி.மீ. அதில் ஒரு குமிழின் விட்டத்தைக் கழித்தால் நடுவே மிஞ்சும் இடைவெளி 6.51. குழாயின் வெளிவிட்டமும் கிட்டத்தட்ட அதேதான். பசை இல்லை, திருகு இல்லை. அழுத்தும்போது ஏபிஎஸ் பிளாஸ்டிக் இம்மியளவு வளைந்து, பழையபடி நிமிரப் பார்க்கிறது. அந்த இறுக்கமும் உராய்வும்தான் பிடிப்பு.

நிஜப் போர் வாகனங்களை லெகோ பொதுவாகத் தவிர்க்கிறது. அந்த இடத்தில் கடை விரித்தவர்களில் ஒருவர் போலந்தின் கோபி நிறுவனம் (நம்மூர் கோபிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). அவர்களுடைய டாங்கிகள் பல 1:28 அளவில், அதாவது நிஜத்தில் 28இல் ஒரு பங்காக வருகின்றன. இந்த அளவில் ஒரு தட்டின் கனம் சுமார் 90 மி.மீ. எஃகுக்குச் சமம். டைகரின் முன்கவசம் 100. சரி, ஏறக்குறையப் பொருந்துகிறது. டி-34க்கு வெறும் 45தான். ஆனால் 60 டிகிரி சாய்வில், நேராக வரும் குண்டு கடக்க வேண்டிய தூரம் இரண்டு மடங்காகி 90 ஆகிவிடும். அதே ஒரு தட்டு! டைகரின் 88 மி.மீ. பீரங்கிக்கு அதுவும் போதவில்லை என்பது வேறு கதை.

அப்புறம் அந்தச் சாய்வு. டி-34க்குத் தரையிலிருந்து 30 டிகிரி வேண்டும். 33 டிகிரி சாய்வுக் கட்டைகள் கிடைக்கின்றன. வரிசையாக அடுக்கினால் வழவழப்பான கவசத்தில் கோடு கோடாகத் தெரியும். கீல் வைத்த பலகையாகச் செய்து சாய்த்தால் அழகாக வரும். மேல்முனை எங்கே போய் நிற்கும் என்பதுதான் சிக்கல். பலகை 6 குமிழ் நீளம் என்றால் உயரம் 3 குமிழ், தரையில் பிடிக்கும் இடம் 5.196 குமிழ். மூன்றின் வர்க்கமூலம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்தக் குமிழிலும் மாட்டாது. இரு முனையையும் பூட்டியே தீருவேன் என்றால் பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணம் கைகொடுக்கும். கோணம் மட்டும் 36.87 ஆகிவிடும். அப்படி மூக்கு நிமிர்ந்த வண்டி என் கண்ணுக்கு டி-34 இல்லை. மேல்முனையைப் பூட்டாமல் சும்மா சாய்த்து வைப்பதே மேல்.

சங்கிலிப் பட்டையில் இந்தத் தகராறு இல்லை. கண்ணி கண்ணியாகக் கோக்கும்போது ஒன்று குறைந்தால் சக்கரம் சுற்ற மறுக்கும். ஒன்று கூடினால் மேல்பகுதி தொய்ந்து சக்கரங்கள் மேல் படுத்துவிடும். டி-34இல் அந்தத் தொய்வை அப்படியே விட்டுவிடலாம். நிஜ வண்டியிலும் மேல்பட்டையைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், அவற்றின் தலைமேல்தான் அது ஓடியது.