பெர்த்தில் நிற்கும் கப்பலுக்கு வெயில் கரன்ட்: பேனலோடு முடிகிற வேலையில்லை

துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் மேடைதான் பெர்த். அங்கே கப்பலைக் கட்டிய பிறகும் அதன் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குளிர்பதனக் கன்டெய்னர், பம்ப், ஏசி, சமையலறை எல்லாவற்றுக்கும் கரன்ட் வேண்டுமே. ஒரு கன்டெய்னர் கப்பல் 1 மெகாவாட் இழுக்கிறது என்று வையுங்கள். யூனிட்டுக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் எண்ணெய் என்றால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 டன் எரியும்.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கேபிள் கொடுப்பதுதான் ஷோர் பவர். அலாஸ்காவின் ஜூனோவில் 2001 முதல் பயணிகள் கப்பல்களுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே அது நீர்மின்சாரம். கூட்டங்களில் ஜூனோவை உதாரணம் காட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

நமக்கோ இதுதான் முக்கியம். கப்பல் ஜெனரேட்டரில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நிலக்கரியை நம்பியிருக்கும் நம் கிரிட்டிலும், அதாவது பொது மின் கட்டமைப்பிலும், கிட்டத்தட்ட அதே அளவுதான். தூத்துக்குடியில் அனல் மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. கிரிட் கரன்டை மட்டும் கொடுத்தால் பெர்த்தில் கரிப்புகை குறையும், நல்லதுதான். ஆனால் கார்பன், கப்பலின் புகைபோக்கிக்குப் பதில் மின் நிலையத்தின் புகைபோக்கி வழியாகப் போகும், அவ்வளவே.

சரி, வெயில் போதுமா? வ.உ.சி. துறைமுகத்தின் 5 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு 2021-ல் அடிக்கல் நாட்டியபோது சொன்ன கணக்கு, ஆண்டுக்கு 80 லட்சம் யூனிட். நாளைக்குச் சுமார் 22,000. மேலே சொன்ன அந்த ஒரே கப்பலுக்கு ஒரு நாளைக்கு 24,000 வேண்டும்! அந்தத் திட்டமும் துறைமுகத்தின் சொந்தத் தேவையில் 56 சதவீதத்தைச் சமாளிக்கப் போட்டது. கப்பலுக்கென்று மிச்சம் கிடையாது. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேறு கேட்கும். ஆகவே துறைமுகத்துக்கு வெளியே சூரிய மின் நிலையமும் காற்றாலையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டு, கிரிட் வழியாகக் கொண்டுவருவதுதான் நடக்கிற காரியம். ராத்திரியிலும் கப்பல் நிற்குமே.

அப்புறம், பலரும் மறப்பது ஹெர்ட்ஸ், அதாவது கரன்டின் அலைவெண். நம் கிரிட் 50. பெரிய கப்பல்களில் பெரும்பாலும் 60. அப்படியே கொடுத்தால் மோட்டார்கள் வேகம் குறைந்து சூடேறும். அலைவெண் மாற்றி கட்டாயம் வேண்டும், அதன் விலையும் லேசுப்பட்டதல்ல. 6.6 கிலோவோல்ட் கேபிளைச் செருகி, எர்த் பார்த்து, ஃபேஸ் வரிசை சரிபார்த்து, கப்பல் ஜெனரேட்டரின் அலையோடு கரைக் கரன்டின் அலையை ஒத்திசைத்து (சிங்க் செய்து), லோடை மெல்லக் கரைக்கு மாற்றிய பிறகே ஜெனரேட்டரை நிறுத்தலாம். அவசரப்பட்டால் கப்பல் முழுக்க இருட்டு. கப்பலில் எண்ணெயில் ஓடும் பாய்லர் இருந்தால், ஷோர் பவர் கொடுத்தாலும் அதன் புகை நிற்காது.

கடலோரப் பேனலில் உப்பும் நிலக்கரித் தூசியும் பனியில் நனைந்து அப்பிக்கொள்ளும். காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், அதற்கும் செலவு எழுதுங்கள்.

என் யோசனை, பெரிய கப்பல்களை இழுத்துத் தள்ளும் டக் படகுகளிலிருந்து தொடங்குங்கள். இங்குள்ளவை பெரும்பாலும் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். லோடு சில பத்துக் கிலோவாட்தான், அலைவெண் மாற்றியும் தேவையில்லை. கூரைப் பேனலே பகல் லோடைத் தாங்கும். பெரிய பெர்த்துக்கு டெண்டர் விடும்போது பேனல் எத்தனை மெகாவாட் என்பதோடு, அலைவெண் மாற்றி எத்தனை மெகாவாட், ராத்திரி யூனிட் யாருடையது, கேபிளைக் கையாள ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்பதையும் எழுதிக் கேளுங்கள்.