குடல் அவருடையது, காவல் நம்முடையது

கிட்னியை மாற்றுகிறார்கள், இதயத்தைக்கூட விமானத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். குடல் வெறும் குழாய்தானே, அதை மாற்ற என்ன கஷ்டம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அந்தக் குழாய்தான் எல்லாவற்றையும்விட முரண்டு பிடிக்கும். 1960-களில் மனிதர்களிடம் செய்து பார்த்தவை எல்லாம் தோற்றன. ஜெர்மனியிலும் கனடாவிலும் 1988-இல்தான் நம்பிக்கை பிறந்தது. அப்புறம், வந்த உறுப்பை உடம்பு அந்நியமென்று தாக்கி நிராகரிக்காமல் அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து வந்தது. இப்போது சென்னையிலும் செய்கிறார்கள்.

சிறுகுடலைப் பெருமளவு இழந்தவர்களுக்கே இது தேவைப்படும். குழந்தைகளில் குடல் முறுக்கிக்கொண்டு அழுகிப்போவது ஒரு முக்கியக் காரணம். பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ‘குடலேத்தம்’ என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

குடல் போனவர்களுக்கு ரத்தக் குழாய் வழியே உணவு ஏற்றுவார்கள். அது ஈரலைக் கெடுத்தாலோ, ஊசி ஏற்ற ரத்தக் குழாயே மிஞ்சாமல் போனாலோதான் மாற்றுக்குடல். அமெரிக்காவில் 2007-இல் 200 பேருக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தது; சமீப ஆண்டுகளில் 100-க்கும் கீழே. இது நல்ல செய்தி. ரத்தத்தில் ஏற்றும் உணவில் சேர்க்கும் மீன் எண்ணெய்க் கொழுப்புக் கரைசல் ஈரலைக் காக்கிறது. 2012-இல் வந்த டெடுகுளுடைட் என்ற மருந்து மிச்சமிருக்கிற குடலையே நன்றாக உறிஞ்ச வைக்கிறது. மாற்றிய குடல்களில் ஓராண்டு தாண்டுபவை நாலில் மூன்று, ஐந்தாண்டு தாண்டுபவை ஏறத்தாழப் பாதி.

ஏன் இத்தனை தோல்வி? உடம்பின் நோயெதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. குடலை வைத்தால் கொடுத்தவருடைய படையும் கூடவே வருகிறது. சண்டை இரண்டு பக்கமும் மூளும்.

கிட்னி கெட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிக் காட்டிக்கொடுக்கும். குடலுக்கு அப்படி ஒரு கோள்சொல்லி இல்லை. அதனால் வயிற்றில் துவாரம் போட்டுக் குடல் நுனியை வெளியே விட்டு, அதன் வழியே கேமரா குழாயை நுழைத்து அடிக்கடி கடுகளவு சதை கிள்ளிப் பார்க்கிறார்கள். அந்தக் கடுகில் எந்தச் செல் யாருடையது என்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரித்துப் பார்த்தார்கள். குடலின் உள்தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பது. ஆனாலும் அது கொடுத்தவருடையதாகவே நிலைக்கிறது, ஏனென்றால் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் அடியிலுள்ள மூலச்செல்கள் அவருடையவை. அதனூடே திரியும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களோ கொஞ்சம் கொஞ்சமாக நோயாளியுடையவையாக மாறிவிடுகின்றன. இந்த ஆள்மாற்றம் மெதுவாக நடந்தவர்களுக்கு நிராகரிப்பு குறைவு. வந்த படை எதிர்த்து நின்று, தாக்க வருபவர்களைத் தடுத்துவைக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது. ரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல்கள் எலும்பு மஜ்ஜையில் இருப்பவை என்றுதானே படித்தோம்? கொடுத்தவருடைய அந்தச் செல்கள் குடலுக்குள்ளும் ஒளிந்திருந்தன. மஜ்ஜையைத் தொடாமலே, குடல் பெற்றவரின் ரத்தத்தில் இன்னொருவருடைய வெள்ளணுக்கள் ஓடிக்கொண்டிருந்தன.