பாதுகாப்புப் பயிற்சியில் விட்ட இடத்தைக் குறித்து வைப்போம்

மணலி, எண்ணூர், அத்திப்பட்டு பகுதித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில். நூறு ஸ்லைடுகளுக்கு மேல் நீளும் பவர்பாயின்ட் பயிற்சிக் கோப்பு ஒரே அமர்வில் முடிவது அரிது. ஷிஃப்ட் மாறும் நேரம் வந்துவிடும். மேஸ்திரி அவசர வேலைக்கென்று நான்கு பேரை எழுப்பி அழைத்துப் போவார். மின்சாரம் போய் புரொஜெக்டர் அணையும். மறுநாள் வகுப்பு கூடும்போது எங்கே நிறுத்தினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. முதலிலிருந்தே பார்த்துவிடலாம் என்று தொடங்கினால், தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் இரண்டாம் முறை வரும். கோப்பின் கடைசிப் பகுதி மறுபடியும் நேரமின்றி விடுபடும்.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலும் வாயுக் கசிவும் தீயும் வெளியேறும் வழியும் வைக்கப்பட்டிருக்கின்றன. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டை விட்டு ஓடியதை நம் பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாயு பரவும் பாதைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். இவற்றைக் கேட்காமலேயே ஒரு தொழிலாளி, முழுப் பயிற்சியும் பெற்றதாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, கேட் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார் என்பதுதான் என் கவலை. ஆகவே அவசரநிலைப் பகுதியைக் கோப்பின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதன் பிறகும் விட்ட இடத்தைக் குறிப்பது அவசியமே.

பவர்பாயின்ட்டில் 'புக்மார்க்' என்றொரு பொத்தான் உண்டு. அது வீடியோ, ஆடியோவுக்குள் ஓர் இடத்தைக் குறிப்பதற்கானது, ஸ்லைடுக்கு உதவாது. ஸ்லைடுக்கு எண்தான் அடையாளம். 'இன்சர்ட்' பட்டியில் 'ஸ்லைடு நம்பர்' என்பதைத் தேர்ந்து எல்லா ஸ்லைடுகளுக்கும் பொருத்திவிட்டால், நிறுத்தும்போது திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். மறுநாள் காட்சியைத் தொடங்கி, உதாரணமாக 74 என்று தட்டி என்டர் அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடு வந்துவிடும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது என்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தயங்காமல் என்டரை அழுத்துங்கள். எடிட் செய்யும் திரையில் அந்த ஸ்லைடைத் தேர்ந்துவிட்டு ஷிஃப்ட்டும் எஃப்5-உம் சேர்த்து அழுத்தினாலும் காட்சி அங்கிருந்தே தொடங்கும். வெறும் எஃப்5 முதல் ஸ்லைடுக்கே கொண்டுபோய்விடும். யாரோ பேச வந்ததால் சிறிது நேரம் நிறுத்துவதாக இருந்தால் காட்சியை மூட வேண்டியதில்லை. 'பி' எழுத்தை அழுத்தித் திரையைக் கறுப்பாக்கி, மீண்டும் அதையே அழுத்தித் தொடரலாம்.

2013 பதிப்பு முதல், மூடிய கோப்பைத் திறக்கும்போது, விட்ட இடத்துக்குப் போகலாமா என்று பவர்பாயின்ட்டே ஓரத்தில் கேட்கும். பென்டிரைவில் எடுத்துப்போய் வேறொரு கணினியில் திறந்தால் அதை நம்பியிருக்க முடியாது. நம் பயிற்சிக் கூடங்களில் கணினி அடிக்கடி மாறும். இதனால் வருகைப் பதிவேட்டிலேயே ஒரு கட்டம் சேர்த்து, நிறுத்திய ஸ்லைடின் எண்ணோடு அதன் தலைப்பையும் எழுதச் சொல்கிறேன். இடையில் யாராவது இரண்டு ஸ்லைடுகளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எண் பிசகும்; தலைப்பு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கோப்பைத் தலைப்புவாரியாக 'செக்ஷன்' பிரித்து வைத்திருந்தால் தேடுவது இன்னும் எளிது.

மேஸ்திரி அழைத்துப்போன அந்த நான்கு பேரின் பெயருக்கு எதிரேயும், அவர்கள் எழுந்த ஸ்லைடின் எண்ணைத் தனியே எழுத வேண்டும். வகுப்பு முடிந்துவிட்டது என்பதற்காக அவர்களிடம் கையெழுத்து வாங்காமல், மறுநாள் அந்த எண்ணிலிருந்து மீதியைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.