எஃப்ஐ எஞ்சினில் பொறி தவறினால் எங்கே தேடுவது?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, பெரும்பாலான சிறிய பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டரின் இடத்தை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது. இந்த முறைக்குத்தான் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) என்று பெயர். எரிபொருளோடு இந்த மாற்றம் நின்றுவிடவில்லை. முன்பு பல வண்டிகளில் சிடிஐ என்ற தனிப்பெட்டி, பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கும் பொறியைக் கவனித்துக்கொண்டது. இப்போது இன்ஜெக்டரைத் திறந்து மூடும் அதே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஈசியூதான் பொறியின் நேரத்தையும் தீர்மானிக்கிறது. ஆகவே, பெட்ரோல் வருகிறதா, ப்ளக்கில் கரண்ட் வருகிறதா என்று இரண்டையும் தொடர்பற்றவையாகப் பார்க்கும் பழைய பட்டறை வழக்கம் இங்கே பாதி வழிதான் கொண்டுபோகும்.

எல்லாம், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் நிலையை உணரும் கிராங்க் சென்சாரில் தொடங்குகிறது. பல மெக்கானிக்குகள் இன்னும் பல்சர் காயில் என்றே அதை அழைக்கிறார்கள். கிராங்கோடு சுழலும் மேக்னெட் ரோட்டரின் விளிம்பில் உள்ள பற்கள் இதைக் கடக்கும்போது சிறு மின்துடிப்புகள் எழுகின்றன. பல் வரிசையில் வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளியைக் கொண்டு, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை ஈசியூ கணிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் கிராங்க் ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சுமார் 28 பங்குதான் என்பதால், இந்தத் துடிப்பு சற்றே சிதைந்தாலும் பொறியின் நேரம் கலைந்துவிடும். உரிய கணத்துக்குச் சில மில்லிநொடிகள் முன்பாக ஈசியூ, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் (முதல் கம்பிச்சுருளில்) மின்னோட்டத்தை விட்டுக் காந்தப்புலத்தை வளர்க்கிறது. பின்னர் அதைச் சட்டென்று துண்டிக்கும்போது புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பத்தாயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் அமைப்பு பயன்படுத்திய தத்துவமும் இதுவே. அன்று காண்டாக்ட் பாயின்ட் என்ற திறந்து மூடும் தொடுமுனை செய்த வேலையை இன்று டிரான்சிஸ்டர் செய்கிறது.

பொறியும் எரிபொருளும் ஒரே தலைமையின் கீழ் இருப்பதால், சோதனையை இரண்டுக்கும் பொதுவானவற்றிலிருந்து தொடங்குவதே முறை. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடிகள் பெட்ரோல் பம்பு முனகுகிறதா, எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா, பேட்டரி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கில் சுவிட்சும், பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சுவிட்சும், வண்டி சாய்ந்ததை உணரும் சென்சாரும் எஞ்சினை நிறுத்திவிடக் கூடியவை என்பதால், காயிலை மாற்றுவதற்கு முன்பே இவற்றைப் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும். பொறி, எரிபொருள் இரண்டும் இல்லையென்றால் கிராங்க் சென்சார், மின்வழங்கல், எர்த் ஆகியவற்றின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். எரிபொருள் பீய்ச்சப்பட்டுப் பொறி மட்டும் இல்லையென்றால் காயில், அதன் கேபிள், ப்ளக் கேப், ப்ளக் என்று தேடல் சுருங்கிவிடுகிறது. பல சிறு வண்டிகளில் ப்ளக் கெட்டுப்போனதை ஈசியூவால் அறிய முடியாது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதைக் கொண்டு இக்னிஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ப்ளக்கைக் கழற்றி, எஞ்சின் உலோகத்தில் வைத்து செல்ப் அடித்துப் பார்க்கும் சோதனையில் கார்புரேட்டர் காலத்தைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். இன்ஜெக்டர் தொடர்ந்து பீய்ச்சுவதால் ப்ளக் துளை வழியே வெளிவரும் பெட்ரோல் ஆவி அந்தப் பொறியிலேயே தீப்பிடிக்கலாம். எனவே இன்ஜெக்டரின் கனெக்டரை முதலில் கழற்றிவிட்டு, ப்ளக்கைத் துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ப்ளக் எர்த் ஆகாமல் அந்தரத்தில் தொங்கினால், போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் மின்காப்பைத் துளைக்கலாம், ஈசியூவையும் பாதிக்கலாம்.

அப்படியே நீலப் பொறி தெரிந்தாலும் அது முழுச் சான்று ஆகாது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ மூவாயிரம் முதல் நாலாயிரம் வோல்ட் போதும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவை பல மடங்கு அடர்த்தியானது. அதே இடைவெளியைக் கடக்க அங்கே பல மடங்கு மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஐடிலில் சீராக ஓடும் வண்டி மேட்டில் முழு த்ராட்டில் கொடுத்ததும் திணறுவதற்கு இது ஒரு காரணம்: சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகும்போது தேவையும் உயர்கிறது, விரிசல் கண்ட ப்ளக் கேப் வழியே மின்சாரம் எளிதான வேறு பாதையைத் தேடிக்கொள்கிறது. அதனால்தான் ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர், வெறும் ப்ளக்கைவிட நேர்மையான தேர்வாளர்.

மல்டிமீட்டரில் முதன்மைச் சுற்று பெரும்பாலும் சில ஓம்களும், இரண்டாம் சுற்று பல ஆயிரம் ஓம்களும் காட்டும். தடைகொண்ட ப்ளக் கேப்பில் சுமார் 5000 ஓம் பொதுவானது. துல்லியமான எல்லைக்கு அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேடே அதிகாரம். ஆனாலும் குளிர்ந்த காயிலில் சரியாக வரும் ஓம் அளவை நான் அதிகம் நம்புவதில்லை. சூடேறிய பிறகே பிரியும் மின்காப்பு அதில் தெரியாது. கண நேர உச்ச மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் காட்டும் அடாப்டரோடு செல்ப் சுழற்சியில் அளப்பது மேலானது. ஹோண்டாவின் பல சர்வீஸ் கையேடுகள் முதன்மைச் சுற்றில் குறைந்தது 100 வோல்ட்டும், கிராங்க் சென்சாரில் குறைந்தது 0.7 வோல்ட்டும் கேட்கின்றன.

ப்ளக்கின் இடைவெளி பல சிறு எஞ்சின்களில் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரிடியம் ப்ளக்கின் மெல்லிய முனையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. புதிய ப்ளக்கை ஆறிய எஞ்சினில் கையாலேயே மரையில் ஏற்றி, வாஷர் அமர்ந்த பிறகு ஸ்பானரால் சுமார் அரைச் சுற்று முறுக்கினால் போதும். வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய ப்ளக்குக்கு அதில் சிறு பகுதியே தேவை, மிகுந்தால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.